மனைவியரிடம் மட்டும் கேட்கப்பட்ட ஆறு கேள்விகள்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்கலாம். பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டுகிறேன்.)

2005-06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்ப நல ஆய்வின் வினாத்தாளில், இல்லற வன்முறை பற்றிய பகுதி அடி, உதை பற்றிய வினாக்களோடு தொடங்கவில்லை. அவற்றுக்கு முன்பாக ஆறு சிறு கேள்விகள் வைக்கப்பட்டிருந்தன. வேற்று ஆடவரோடு பேசினால் கணவர் பொறாமையோ சினமோ கொள்கிறாரா? ஒழுக்கத்தின்மீது அடிக்கடி பழி சுமத்துகிறாரா? தோழியரைச் சந்திக்க விடாமல் தடுக்கிறாரா? பிறந்த வீட்டாரோடு உள்ள தொடர்பைக் குறைக்க முயல்கிறாரா? எந்நேரமும் எங்கிருக்கிறீர்கள் என்று தமக்குத் தெரிந்தாக வேண்டுமென வற்புறுத்துகிறாரா? பணத்தை நம்பி ஒப்படைக்க மறுக்கிறாரா? இவையே அந்த ஆறின் பொருள்.

இந்த வரிசைமுறை கவனத்துக்குரியது. கை ஓங்கப்படுவதற்கு முன்பே கட்டுப்பாடு வந்துவிடுகிறது என்பதை வினாத்தாளைத் தொகுத்தோர் அறிந்திருந்தனர். இன்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் காதலுறவில் ஆபத்து இருக்கிறதா என்று அறிய விரும்பும் எந்த உளவள ஆலோசகரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்பார். பணம் பற்றிய கேள்விக்கு மாற்றாகக் கைப்பேசியின் கடவுச்சொல் பற்றி ஒரு கேள்வி சேரும்; அவ்வளவே வேறுபாடு.

ஆயின் அக்கேள்விகள் மணமான பெண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டன. மணமாகாதவளிடமும் யாரேனும் அடித்ததுண்டா என்று கேட்டார்கள். அடித்தவர் பட்டியலில் காதலனுக்கும் இடமிருந்தது. அடிக்கு முந்தைய நிலையைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்கவில்லை. பதினாறு வயதில் மணமுடிக்கப்பட்ட சிறுமிக்கு இக்கேள்விகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. அவளோடு ஒரே வகுப்பில் படித்து, ஒருவனைக் காதலித்துக்கொண்டிருந்த தோழிக்கு இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் இப்பகுதிக்குரிய குறைந்தபட்ச வயது 15இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. பதின்பருவத்தின் பெரும்பகுதி அத்தோடு இக்கணக்கிலிருந்து வெளியேறியது.

இந்த ஒரு வினாத்தாளோடு முடிகிற செய்தியன்று இது. உறவொன்று வன்முறையாய் மாறுவதன் முன்னறிகுறிகளை இந்திய அரசு கடந்த இருபதாண்டுகளில் பலமுறை, தெளிவாக, தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறது. அவ்வாறு எழுதிய ஒவ்வொரு முறையும் வேறொருத்தியை மனத்தில் வைத்தே எழுதியது. காதலிக்கிற பதின்வயதுப் பெண்ணின் கையில் அந்தப் பட்டியல் சேரவேயில்லை.

இரண்டாவது பட்டியலுக்கு வருவோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளோடு சில படிவங்கள் இணைக்கப்பட்டுள்ளன. நான்காம் படிவம், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அவளுடைய உரிமைகளை விளக்குவது. சட்ட நூல்களில் படிவங்களை யாரும் படிப்பதில்லை; பின்னிணைப்பு என்று தள்ளிவிடுகிறோம். அது பெரும்பிழை. சட்டத்தின் உடலில் 'உணர்வுவழித் துன்புறுத்தல்' என்று ஒரு சொல்லில் கடந்து செல்வதைப் படிவம் வீட்டு மொழியில் பிரித்துச் சொல்கிறது. ஒழுக்கத்தைப் பழித்தல், வசைபாடுதல், படிக்க விடாமல் தடுத்தல், வேலைக்குப் போக விடாமல் தடுத்தல், வீட்டைவிட்டு வெளியேற விடாமை, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமை என்று அது நீள்கிறது. அந்த வரிசையில் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுவதும் இருக்கிறது.

இந்தக் கடைசிக் கூறில் சற்றே நிற்க வேண்டும். "நீ என்னை விட்டுப் போனால் செத்துவிடுவேன்" என்பதை நம் இளையோர் காதலின் உச்சமாகக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். கையைக் கீறிக்கொண்டு படமெடுத்து அனுப்புவதைப் பெற்றவர்களேகூடப் 'பாவம், பையன் அவ்வளவு ஆசை வைத்திருக்கிறான்' என்று எடுத்துக்கொள்வதுண்டு. அரசின் படிவமோ 2006லேயே அதை வன்முறையின் வகைகளுள் ஒன்றாகப் பதிந்துவிட்டது. சொல்பவனுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படலாம். அந்த உதவி மருத்துவரிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் வர வேண்டியது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் விருப்பத்தைக் கைவிட்டு அதனை ஈடுசெய்ய வேண்டியதில்லை.

இந்தச் சட்டமும் அவளுக்குப் பயன்படவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மணம் செய்யாமல் 'மணத்தின் தன்மையுடைய உறவில்' வாழ்வோர்க்கும் அது பொருந்தும் என்றதை அக்காலத்தில் புரட்சி என்றனர், புரட்சிதான். கோவையிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அவ்வுறவுக்கு எல்லை வகுத்தது. இருவரும் உலகத்தார் முன் கணவன் மனைவிபோல் வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயதை அடைந்திருக்க வேண்டும். கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதிகளில் சந்தித்துக்கொள்வது போதாது. சட்டத்தின் தருக்கம் சரியாகவே இருக்கலாம். ஆயினும் பள்ளி வாசலிலும் தனிவகுப்பு முடிந்து திரும்பும் வழியிலும் நிகழும் உறவுகள் இதனால் முற்றாக வெளியே நின்றன.

மூன்றாவது பட்டியல் குருதியால் எழுதப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகச் சட்ட மாணவி பிரியதர்சினி மட்டூ தம்மை விடாது பின்தொடர்ந்த மூத்த மாணவர்மீது 1995இல் மீண்டும் மீண்டும் காவல்துறையிடம் முறையிட்டார். அந்த மனிதர் இனிமேல் தொல்லை தருவதில்லை என்று எழுதிக்கொடுத்தார், பிறகும் தொடர்ந்தார். மட்டூவுக்குக் காவலர் ஒருவரின் பாதுகாப்பும் தரப்பட்டது. 1996 சனவரி 23 அன்று அவர் வசந்த் குஞ்சு வீட்டில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 25. விசாரணை நீதிமன்றம் 1999இல் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2006இல் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது.

வழக்கின் பிற்பகுதியை நாடறியும். முற்பகுதியைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. முன்னறிகுறிகள் அனைத்தும் எழுத்தில், காவல் நிலையத்தில் இருந்தன. ஆனால் பின்தொடர்தல் என்ற குற்றம் அன்றைய தண்டனைச் சட்டத்தில் இல்லை. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, பெண்ணின் 'நாணத்தை' இழிவுபடுத்தும் சொல்லையும் சைகையையும் பற்றியே பேசியது. 'ஈவ் டீசிங்' என்ற சொல்லோ நடந்ததைக் குறும்பாக்கிவிட்டது. ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனியே சிறிதாகத் தெரிந்தது; அவற்றைக் கோத்துப் பார்க்கும் பெயர் இல்லை.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு 29 நாள்களில் அறிக்கை தந்தது. 2013இல் பின்தொடர்தல் 354ஈ என்ற பிரிவாகச் சட்டத்தில் நுழைந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. இதில் இரு கூறுகள் உண்டு. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னரும் மீண்டும் மீண்டும் தொடர்வது முதலாவது. அவளுடைய இணையம், மின்னஞ்சல் முதலிய மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது இரண்டாவது. இரண்டாவது கூறில் 'விருப்பமின்மை' என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. கண்காணிப்பவன் அயலானா காதலனா என்ற பாகுபாடும் இல்லை. காதலியின் கைப்பேசியை அவளறியாமல் துழாவுகிறவன் இந்தச் சொற்களுக்குள் வருகிறான். நடைமுறையிலோ நாம் இப்பிரிவைத் தெருவில் பின்தொடரும் அந்நியனுக்குரியதாகவே மனத்தில் வைத்திருக்கிறோம்.

அவ்வாண்டின் இன்னொரு நிகழ்வையும் இவ்விடத்தில் சொல்லிச் செல்கிறேன். பின்தொடர்தல் குற்றமாகிச் சில மாதங்களிலேயே, சூன் 2013இல், 'ராஞ்சணா' என்னும் இந்திப் படம் வெளியானது. அதன் நாயகன் பள்ளி மாணவியை விடாமல் தொடர்கிறான்; மணிக்கட்டை அறுத்துக்கொண்டு அவள் அன்பைப் பெறுகிறான். படம் பெருவெற்றி பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன் வந்த 'தேரே நாம்' நம் 'சேது'வின் இந்தி வடிவம்; அதிலும் தன் காதலைக் கேட்கவைக்க நாயகியைக் கடத்துகிறான் நாயகன். திரைப்படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்னும் எளிய வாதம் எனக்கு உடன்பாடன்று. ஆனால் மொழி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியில் 'ஹக் ஜதானா', அதாவது உரிமை கொண்டாடுதல், காதலின் சொல்லாகிவிட்டது. தமிழில் 'அவன் ரொம்பப் பொசசிவ்' என்பது புகார் போலத் தொடங்கிப் பெருமிதமாக முடிகிறது. அதே செயலுக்குச் சட்டம் ஒரு பெயரும் வகுப்பறைத் தோழி வேறொரு பெயரும் சொன்னால் பதினாறு வயதுக்காரி தோழியின் சொல்லையே நம்புவாள்.

தோழிக்கு மாற்றாகப் பள்ளி பேசியிருக்கலாம். 2005இல் மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007இல் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், கருநாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதைத் தடைசெய்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்றது. சண்டை முழுவதும் உடற்கூற்றுப் படங்களையும் ஆணுறையையும் பற்றியே நடந்தது. ஓர் உறவில் மதிப்பு எது, ஆதிக்கம் எது என்ற பாடம் அந்தச் சண்டையில் கேட்பாரற்று அழிந்தது. 2005 ஏப்ரலில்தான் தில்லியில் 15 வயது இலட்சுமி அகர்வால் தம் மறுப்புக்காக அமிலம் வீசப்பட்டார். வீசியவனுக்கு அவரைப்போல் இருமடங்கு வயது.

பதின்மரை நேரடியாகக் கண்ட சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போக்சோ. அதன் 11ஆம் பிரிவு, பாலியல் நோக்கோடு குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்தலையும், படங்களை வெளியிடுவதாக மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. நல்ல பிரிவு. ஆனால் போக்சோ இசைவுக்குரிய வயதை 16இலிருந்து 18ஆக்கியது. 16ஆகவே இருக்கட்டும் என்று வர்மா குழு கருதியது. 2013 மார்ச்சில் அரசின் வரைவிலும் 16 வந்தது. அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்குப் பின் 18ஆகத் திரும்பியது. 2023இல் சட்ட ஆணையமும் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது.

விளைவைத் தீர்ப்புகளில் காணலாம். அசாம், மகாராட்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வெளியான 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு அமைப்பு ஆராய்ந்தது. அவற்றுள் 1,715, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று, காதலுறவு வழக்குகள். அன்பான உறவும் அச்சுறுத்தும் உறவும் அங்கே வயது என்ற ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் இந்த இக்கட்டைத் தன் தீர்ப்புகளில் சுட்டிக்காட்டியது.

வயது வரம்பைப் பற்றிய வாதத்தில் இருபுறமும் நியாயம் உண்டு; அதை இங்கு தீர்க்க முற்படவில்லை. என் கவலை வேறு. 19ஆம் பிரிவின்படி குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. தன்னை மிரட்டும் காதலனைப் பற்றி ஆசிரியையிடம் சொல்ல நினைக்கும் மாணவி இதைச் சட்ட எண்ணாக அறியமாட்டாள்; ஆனால் சொன்னால் காவல் நிலையம், வீட்டில் பூகம்பம், படிப்புக்கு முற்றுப்புள்ளி என்று அறிவாள். எனவே வாய் திறப்பதில்லை. கட்டுப்படுத்துகிறவனுக்கு அவளைத் தனிமைப்படுத்த இதைவிட வசதி வேண்டியதில்லை. 'உன் வீட்டில் சொல்லிவிடுவேன்' என்பதே அவன் கைத்தடி.

2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கொன்றில் அளித்த தீர்ப்பு இந்த முடிச்சை முழுமையாகக் காட்டுகிறது. நிகழ்வின்போது சிறுமிக்கு 14, ஆணுக்கு 25. அந்த இடைவெளியே முதல் எச்சரிக்கை என்பேன். குற்றத்தீர்ப்பை நிலைநிறுத்திய நீதிமன்றம், அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்திச் சிறைத்தண்டனை விதிக்காமல் விட்டது. அப்பெண்ணைக் குடும்பம் கைவிட்டது, சமூகம் தீர்ப்பிட்டது, சட்டமுறை தவறவிட்டது. தனக்கு நேர்ந்த குற்றத்தைவிட அதன்பின் வந்தவற்றாலேயே அவள் மிகுதியாக வதைபட்டாள் என்பது நீதிமன்றம் கண்ட உண்மை. தனக்குத் தெரிந்தே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவளுக்கு எப்போதும் அமையவில்லை என்றும் அது கண்டது.

ஆசிரியர்களுக்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பொறாமை, தோழியரைப் பிரித்தல், நொடிக்கு நொடி இருப்பிடம் கேட்டல், பேசக்கூடாதோர் பட்டியல் போடுதல் ஆகியவை தம்மளவில் போக்சோ குற்றங்கள் அல்ல. ஆகவே இவற்றைப் பற்றி ஒரு மாணவி பேசும்போது 19ஆம் பிரிவின் கடமை எழுவதில்லை. அவளை உட்கார வைத்துக் கேட்கலாம். பெயர் சொல்லித் தரலாம். அடுத்து என்ன செய்வது என்று அவளோடு சேர்ந்து எண்ணலாம். படத்தைக் காட்டி மிரட்டல், பாலியல் நோக்கோடு விடாத தொடர்தல், தொடுதல் என்று அது வளர்ந்துவிட்டால் சட்டத்தின் பாதை தொடங்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. 2005இன் வினாத்தாளில் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஆறு கேள்விகளும் ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்கும். பையன்களையும் அதே அறையில் வைத்துக் கேட்பது நன்று.