டில்லி காணச் செல்லும் தம்பதியர்

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வட இந்தியா பார்க்கச் செல்லும் கணவன் மனைவியர் பலருக்கு டில்லி ஒரு வழித்தங்கல் மட்டுமே. அவர்தம் நாட்டமெல்லாம் ஆக்ராவிலுள்ள தாஜ்மகாலின் மீதே இருக்கும். மாண்ட மனைவிக்காக மன்னன் எழுப்பிய வெண்பளிங்கு மாளிகையின் முன் இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. அவ்வாசையிற் குறை காண ஒன்றுமில்லை. ஆயினும் மும்தாஜ் மறைந்தது 1631ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னரே, மாண்ட கணவனின் பொருட்டு மனைவி ஒருத்தியின் பெயரோடு இணைந்த மாளிகை டில்லியில் எழுந்துவிட்டது. அதனைப் பார்த்துவிட்டு வருவோர் பலர். அவ்வம்மையாரின் பெயரைக் கேட்டுவிட்டு வருவோர் மிகச் சிலரே.

சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் குதுப் மினாருக்குத்தான் முதலில் செல்கின்றன. 72 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்த களைப்பில், அருகிலுள்ள பள்ளிவாசலின் தூண்களைப் பலர் கவனிப்பதில்லை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு அது கட்டப்பட்டது என்று அதன் வாயிற் கல்வெட்டே கூறுகின்றது. அதன் முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணோ குப்தர் காலத்தது. வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து நாட்டப்பட்டது. முதுகைத் தூணிற் சாய்த்துக் கைகளைப் பின்புறமாகக் கோத்துவிட்டால் நல்வாய்ப்புக் கிட்டும் என்றொரு நம்பிக்கை முன்பு இருந்தது. கணவன் முயல, மனைவி சிரிக்க, அங்கே ஒரு சிறு திருவிழாவே நடக்கும். தூண் தேய்வதைக் கண்டு 1997இல் வேலியிட்டுவிட்டனர். ஒருவர் கட்டியதைப் பெயர்த்து மற்றொருவர் கட்டுவது டில்லியின் நெடுங்காலப் பழக்கம் என்பதை மட்டும் இங்கே மனத்திற் கொண்டால் போதும். அது பின்னர்ப் பயன்படும்.

இனி, பழைய கோட்டைக்கு வருவோம். புராணா கிலா என வழங்கும் அக்கோட்டைக்குள் எண்கோண வடிவில் இரண்டடுக்கு மண்டபம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஷேர் மண்டல். பதினைந்து ஆண்டுக்காலம் நாடிழந்து அலைந்த ஹுமாயூன் 1555இல் டில்லியை மீட்டார். 1556 சனவரியில், நூலகமாக அவர் பயன்படுத்திய இம்மண்டபத்தின் படிகளில் விழுந்து இறந்தார். பாடநூல்கள் இவ்வீழ்ச்சியைத் தவறாமற் சொல்லுகின்றன. அதன் பின் அவர் மனைவி என்ன செய்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

பேகா பேகம் ஹுமாயூனின் மூத்த மனைவி. 1539இல் சௌசாப் போரில் ஹுமாயூன் தோற்றோடியபோது இவர் பகைவரிடம் சிறைப்பட்டார். அவர் ஈன்ற சிறுமி அகீகா அந்தக் குழப்பத்திற் காணாமற் போனாள். வென்றவனாகிய ஷேர்ஷா, அரசியாரை மதிப்புடன் திருப்பி அனுப்பி வைத்தான். பிற்காலத்தில் மெக்காவுக்குச் சென்று வந்தமையால் ஹாஜி பேகம் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. அக்பர் இவர் பெற்ற மகனல்லர். ஹமீதா பானு என்னும் மற்றொரு மனைவியின் மகன்.

ஹுமாயூனின் கல்லறை மாளிகை 1560களிற் கட்டத் தொடங்கப்பட்டு 1570ஐ ஒட்டி முடிவுற்றது. அதனைக் கட்டுவித்தவர் பேகா பேகமே என்பது வழிவழி வந்த கூற்று. பொருளும் ஆதரவும் பேரரசர் அக்பருடையவை என்று இக்கால ஆய்வாளர் வற்புறுத்துவர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. கருவூலம் மகனுடையதாகவும் கருத்து மனைவியுடையதாகவும் இருக்கத் தடையில்லை. அக்பர் காலத்தில் டில்லி வழியே சென்ற ஏசு சபைப் பாதிரியார் மொன்செராத்தே எழுதி வைத்த குறிப்பு இவ்விடத்து மிகவும் பயன்படுகின்றது. ஹுமாயூனின் மனைவியருள் ஒருவர் கல்லறையின் அருகில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, சாகுமட்டும் அங்கேயே காவலிருந்து, தொழுகையிலும் ஈகையிலும் காலங்கழித்து, ஐந்நூறு ஏழைகளுக்கு உணவளித்தார் என்று அவர் கூறுகின்றார். அபுல் பசலும் ஹாஜி பேகம் அக்கல்லறையின் பொறுப்பை ஏற்றிருந்ததைக் குறித்துள்ளார். இருவர் கூற்றையும் சேர்த்துப் பார்க்குங்கால், இவ்வம்மையார் கட்டடத்துக்குப் பெயரளவில் உரியவர் அல்லர் என்பது தெளிவு.

கட்டடத்தை வகுத்தவர் மீராக் மிர்ஸா கியாஸ் என்னும் பாரசீகக் கலைஞர். நான்கு பகுதிகளாகப் பிரித்து நீரோடைகள் அமைத்த தோட்டம். அதன் நடுவே உயர்ந்த மேடை. மேடைமேற் செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் இழைந்த மாளிகை. உச்சியில் உள்ளொன்றும் புறமொன்றுமாக இரட்டைக் குவிமாடம். 47 மீட்டர் உயரமுள்ள இம்மாளிகையே இந்தியாவின் முதல் பெருந்தோட்டக் கல்லறை. ஆக்ராவிலுள்ள வெண்மாடத்துக்கு இதுவே மூத்த அக்காள் எனலாம். பேகா பேகமும் ஹமீதா பானுவும் இதனுள்ளேயே அடங்கியுள்ளனர்.

இங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் கான்-இ-கானான் அப்துர் ரஹீமின் கல்லறை. இவர் அக்பரின் படைத்தலைவர். இந்தியில் ஈரடிப் பாக்கள் பாடி இன்றும் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் வாழ்பவர். தம் மனைவி மாஹ் பானு 1598இல் இறந்தபோது அவருக்காக இவர் இம்மாளிகையை எழுப்பினார். தாஜ்மகாலுக்கு அடிக்கல் நாட்டுதற்கு 34 ஆண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது. அரசன் அல்லாத ஒருவன், கவிஞன், மனைவிக்குக் கட்டியது. 1627இல் அவரும் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தகைய மாளிகைக்கு நேர்ந்த கதி என்ன? 1750களில், அவத் நாட்டின் நவாபு சப்தர்ஜங்குக்கு அவர் மகன் கல்லறை எழுப்பியபோது, வேண்டிய பளிங்கையும் செந்நிறக் கல்லையும் ரஹீமின் மாளிகையிலிருந்தே உரித்துக்கொண்டு போயினர். ஒரு மகன் தந்தைக்குச் செய்த கடன், ஒரு கணவன் மனைவிக்குச் செய்ததை நிர்வாணமாக்கிற்று! தோலுரிந்த யானைபோல் அம்மாளிகை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரா சாலையோரம் நின்றது. ஆறு ஆண்டுகள் நடந்த செப்பனிடும் பணி முடிந்து 2020 திசம்பரில்தான் அது மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. குவிமாடத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பளிங்கு பதித்து, எஞ்சியதை உரிந்தபடியே விட்டுவைத்துள்ளனர். நல்ல முடிவு. முழுவதையும் மூடியிருந்தால், நடந்த கொள்ளையும் மூடப்பட்டிருக்கும்.

சப்தர்ஜங்கின் கல்லறையையும் பலர் பார்க்கின்றனர். அழகுதான். ஆயினும் கல் யாருடையது என்பதை அறிந்தபின் பார்ப்பது வேறு.

மீண்டும் ஹுமாயூன் கல்லறைக்கே திரும்ப வேண்டியுள்ளது. மொகலாயர் வரலாற்றின் கடைசி ஏடும் அங்கேதான் புரண்டது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் டில்லியைப் பிடித்தபோது, எண்பது வயதைக் கடந்த பேரரசர் பஹதூர் ஷா, மனைவி ஜீனத் மகலுடன் இக்கல்லறையிற் சென்று ஒளிந்தார். கணவனின் உயிருக்கும் மகன் ஜவான் பக்தின் உயிருக்கும் உறுதி பெறும்பொருட்டு ஜீனத் மகல் இடையீட்டாளர் மூலம் பேச்சு நடத்தினார். படைத்தலைவன் ஹாட்சன் உறுதி கூறினான், பேரரசர் சரணடைந்தார். அத்தகைய உறுதி ஏதும் பெறாத இளவரசர் மூவரை மறுநாள் அதே ஹாட்சன் வழியிலேயே சுட்டுக் கொன்றான். ஒரு மனைவி கணவனின் உடலுக்குக் காவலிருந்த அதே இடத்தில், மூன்று நூற்றாண்டு கழித்து, மற்றொரு மனைவி கணவனின் உயிருக்குப் பேரம் பேச நேர்ந்தது.

பேரரசரை விசாரித்த இடம் செங்கோட்டை. ஷாஜஹான் கட்டி 1648இல் முடித்த அக்கோட்டையின் திவானி காஸ் மண்டபத்தில், தம் முன்னோர் மயிலாசனத்தில் வீற்றிருந்த அதே மண்டபத்தில், 1858 சனவரி முதல் மார்ச் வரை அவர் குற்றவாளியாக இருத்தப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கணவனும் மனைவியும் மாட்டு வண்டிகளில் டில்லியை விட்டு அனுப்பப்பட்டு, இறுதியிற் கப்பலேறி ரங்கூன் சேர்ந்தனர். 1862 நவம்பரில் பஹதூர் ஷா அங்கே இறந்தார். ஜீனத் மகலும் டில்லியை மீண்டும் காணவில்லை. பல்லாண்டு கைம்பெண்ணாக வாழ்ந்து ரங்கூனிலேயே மறைந்தார். பழைய டில்லியில் லால் குவான் பகுதியில் அவருடைய மாளிகையின் வாயில் மட்டும் எஞ்சியுள்ளது.

மலாயாத் தமிழர்க்கு இக்கோட்டையோடு தனித்தொடர்பு ஒன்றுண்டு. 1943 சூலை 5ஆம் நாள் சிங்கப்பூர்த் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் முன் சுபாஷ் சந்திர போஸ் எழுப்பிய முழக்கம் ‘டில்லி சலோ’ என்பது. செங்கோட்டையில் அணிவகுப்பதே அம்முழக்கத்தின் இலக்கு. அதைக் கேட்டுப் பால்மரக் காடுகளிலிருந்து இளைஞர்கள் புறப்பட்டனர். ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். அவ்வாண்டே ரங்கூனில் பஹதூர் ஷாவின் கல்லறைக்குப் போஸ் மரியாதை செலுத்தினார். படை பர்மாவைக் கடந்து இந்திய எல்லையைத் தொட்டதேயன்றி டில்லியை அடையவில்லை. அப்படையைச் சேர்ந்தோர் செங்கோட்டைக்குள் நுழைந்தது கைதிகளாக. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது 1945 நவம்பரில் அதே கோட்டைக்குள் வழக்கு நடந்தது. நாடு கொதித்தெழுந்ததால், விதிக்கப்பட்ட நாடுகடத்தல் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 1947 ஆகஸ்டு 16ஆம் நாள் அக்கோட்டை மேல் நேரு கொடியேற்றினார். 15ஆம் நாள் என்று பலர் எழுதுவது பிழை. இன்று லாகூர் வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் மலேசியத் தம்பதியருள், தாத்தாவோ பாட்டியோ அப்படையில் இருந்த குடும்பத்தாரும் இருக்கக்கூடும்.

பஹதூர் ஷா தமக்கென்று ஒரு புதைகுழி இடம் குறித்து வைத்திருந்தார். அது குதுப் மினாருக்கு அணித்தாக, மெஹ்ரௌலியில், குத்புதீன் பக்தியார் காக்கியின் அடக்கத்தலத்தை ஒட்டிய தம் முன்னோர் கல்லறைகளின் நடுவில் உள்ளது. ரங்கூனில் அவர் உடலைப் புதைத்த இடம் அடையாளம் தெரியாதபடி விடப்பட்டது. 1991இல் மண்ணைத் தோண்டும்போதுதான் உண்மைக் கல்லறை வெளிப்பட்டது. ஜீனத் மகலும் அதே வளாகத்தில் அடங்கியுள்ளார். மெஹ்ரௌலியிற் குறித்து வைத்த இடம் இன்றளவும் வெறுமையாகவே உள்ளது. காலையிற் குதுப் மினார் பார்க்கச் செல்வோர் சிறிது நேரம் ஒதுக்கினால் அதனையும் பார்த்துவிட்டு வரலாம்.