கிளாரன்ஸ் டாரோ: தொழிலாளர் தரப்பு வக்கீல்

கிளாரன்ஸ் டாரோ என்றதும் நம்மில் பலருக்கு 1925-ஆம் ஆண்டின் ‘குரங்கு வழக்கு’ நினைவுக்கு வரும். பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்காக டென்னசியில் வாதாடியவர் என்றே நாம் அவரை அறிந்திருக்கிறோம். அதற்கு முன் பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அமெரிக்கத் தொழிலாளர்களின் வழக்கறிஞராக இருந்தார் என்பதையும், அந்த வாழ்வு முறிந்த விதத்தையும் நாம் அதிகம் பேசுவதில்லை.

1857-இல் ஒஹாயோவில் பிறந்த டாரோ, சிகாகோவில் ஓர் இரயில்வே நிறுவனத்தின் வக்கீலாக இருந்தவர். 1894-இல் புல்மன் நிறுவனம் தொழிலாளரின் கூலியைக் குறைத்தது. தன் குடியிருப்புகளின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் மூண்டது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் மீது வழக்குகள் பாய்ந்தபோது, டாரோ நிறுவன வேலையை உதறிவிட்டு அவர் பக்கம் நின்றார். தொழிலாளர் கூடிப் பேசுவது சதியென்றால் இரயில்வே மேலாளர்கள் கூடிப் பேசியது என்ன என்று எதிர்த்தரப்பின் மீதே குற்றச்சாட்டைத் திருப்பினார். ஜூரர் ஒருவர் நோயுற்றதால் சதி வழக்கு பாதியில் நின்றது. எனினும், நீதிமன்றத் தடையை மீறியதற்காக டெப்ஸ் ஆறு மாதம் சிறை புகுந்தார்.

1898-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில், மரவேலைத் தொழிலாளர் தலைவர் தாமஸ் கிட் உள்ளிட்ட மூவரைச் சதி வழக்கிலிருந்து டாரோ விடுவித்தார். 1902-இல் பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின் பின் அமைந்த விசாரணைக் குழுவின்முன் சுரங்கத் தொழிலாளருக்காக வாதாடினார். பத்து விழுக்காடு கூலி உயர்வு கிடைத்தது; சங்கத்திற்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1907-இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளர் தலைவர் பில் ஹேவுட்டை மீட்டார்.

பின்னர் வந்தது மெக்நமாரா வழக்கு. 1910-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து, அங்கு பணிபுரிந்த சுமார் 20 பேர் மாண்டனர். குற்றம் சாட்டப்பட்ட இரு சகோதரர்களும் நிரபராதிகளே என்று நம்பித் தொழிலாளர்கள் நாடெங்கும் நிதி திரட்டினார்கள். சான்றுகளின் வலுவை உணர்ந்த டாரோ, தூக்கிலிருந்து அவர்களைக் காக்க 1911 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தார். உயிர்கள் தப்பின, சங்கங்கள் அதைத் துரோகமாகவே கண்டன. ஜூரருக்குக் கையூட்டுக் கொடுக்க முயன்றதாக டாரோவே கூண்டில் ஏற நேர்ந்தது. முதல் வழக்கில் விடுதலை பெற்றார். இரண்டாவதில் ஜூரர்கள் ஒருமனப்படவில்லை. அவர் குற்றமற்றவரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. தொழிலாளர் வழக்குகள் அவரைத் தேடி வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று.

இயக்கத்தின் மானமா, கட்சிக்காரரின் உயிரா என்ற நிலையில் டாரோ உயிரின் பக்கம் நின்றார். வழக்கறிஞரின் கடமை அதுவே என நாம் கருதுகிறோம். ஆனால் அந்தக் குண்டில் மாண்டவர்களும் கூலிக்கு உழைத்தவர்களே. டாரோவின் வெற்றிகளைப் போற்றும்போது அவர்களையும் நாம் மறந்துவிடலாகாது.