எலிவேட்டர்: ஒரு பொறியின் பெயர் ஊரின் அடையாளமான வரலாறு

அமெரிக்காவின் நடுமேற்கில், கான்சஸ், அயோவா போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொந்த ஊர் என்றதும் நினைவில் எழும் அடையாளங்களில் ஒன்று, தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் உயரமான தானியக் கட்டடம். சுற்றிலும் சமவெளி என்பதால் பல மைல் தொலைவிலேயே அது கண்ணில் படும். பல ஊர்களில் அதன் சுவரில் ஊர்ப்பெயரே எழுதியிருக்கும். அங்குள்ளவர்கள் அதை 'எலிவேட்டர்' என்கிறார்கள். தானியம் வைக்கும் இடத்துக்குக் களஞ்சியம், கிடங்கு என்ற பொருளில் பெயர் அமைவதே வழக்கம். இதற்கு மட்டும் 'உயர்த்துவது' என்ற பொருளில் பெயர் அமைந்தது ஏன்? அந்த ஊர்களின் பிழைப்பு தானியத்தைச் சேர்த்து வைப்பதைவிட அதை நகர்த்தி அனுப்புவதையே நம்பியிருந்தது என்பதற்கு இச்சொல்லின் வரலாறு நல்ல சான்று.

'உயர்த்து' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லை மாவாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டெலவேரைச் சேர்ந்த ஆலிவர் எவன்ஸ். 1780களில் அவர் அமைத்த ஆலையில், முடிவில்லாமல் சுழலும் பட்டையில் வரிசையாகச் சிறு வாளிகள் கோத்திருந்தன. ஒவ்வொரு வாளியும் கீழே தானியத்தை அள்ளிக்கொண்டு மேலேறும். உச்சியில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வெறும் வாளியாக இறங்கும். எலிவேட்டர் என்பது அந்த வாளிப்பட்டைக்கு மட்டும் உரிய பெயராக இருந்தது. 1842இல் ஜோசப் டார்ட் என்ற வணிகர், ஏரி வழியே மேற்கிலிருந்து தானியம் வந்திறங்கிய பஃபலோ துறைமுகத்தில் அதை நீராவியால் இயக்கினார். அதுவரை தொழிலாளர்கள் முதுகில் சுமந்து இறக்கிய தானியத்தை, கப்பலின் அடிவயிற்றுக்குள் இறக்கப்பட்ட வாளிப்பட்டை நேரே அள்ளி மேலேற்றியது. பொறியையும் குதிர்களையும் உள்ளடக்கிய கட்டடம் முழுவதற்கும் பொறியின் பெயரே நிலைத்துவிட்டது.

ஆள் ஏறும் மின்தூக்கியின் பெயரைத்தான் இக்கட்டடம் கடன் வாங்கியது என்று சிலர் எண்ணக்கூடும். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை: ஓட்டிஸ் நிறுவனம் நியூயார்க் கடையொன்றில் பயணிகளுக்கான தூக்கியை நிறுவியது 1857இல்தான். 'உள்ளே தானியம் சேமிக்கப்படுகிறதே, பிறகு அது கிடங்குதானே?' என்ற மறுப்பு இன்னும் வலுவானது. சட்டமும் அப்படித்தான் கருதியது. 1870ஆம் ஆண்டின் இல்லினாய் அரசமைப்பு, கட்டணம் பெற்றுத் தானியம் வைக்கும் எலிவேட்டர்களைப் பொதுக் கிடங்குகள் என்று அறிவித்தது. அவற்றின் கட்டணத்துக்கு அரசு வரம்பு விதிக்கலாம் என்று 1877இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் கிடங்கு என்று தனியே அறிவிக்க வேண்டியிருந்ததே, மக்கள் வழக்கில் வேறு பெயர் ஊன்றிவிட்டதைக் காட்டுகிறது. சட்டம் அதன் பொறுப்பை வரையறுத்தது. மக்கள் அதன் வேலையைப் பெயராக்கினார்கள். 'சைலோ' என்பதும் இதற்குப் பொருந்தாது. அது பண்ணையில் பசுந்தீவனத்தைக் காற்றுப்புகாமல் அடைத்துப் பதப்படுத்தும் கலன். அங்கே சரக்கு அசையாதிருப்பதே பயன்.

எலிவேட்டரிலோ சரக்கு நகர்வதே பயன். இந்த நகர்வுதான் நடுமேற்கின் வாணிபத்தை மாற்றியது. மூட்டையில் வந்தவரை ஒவ்வொரு உழவரின் கோதுமையும் தனித்தனியாக இருந்தது. வாளிப்பட்டையோ உதிரித் தானியத்துக்கு ஏற்றது. அதில் ஏறும் கோதுமை பிறர் கோதுமையோடு கலந்தே தீரும். கலப்பதற்குப் பொதுத் தரம் வேண்டும் என்பதால் 1856இல் சிகாகோ வணிகக் கழகம் கோதுமையை வகைப்படுத்தியது. உழவர் கையில் மூட்டைக்குப் பதிலாக ரசீது வந்தது. இருப்புப்பாதை நெடுகத் தோன்றிய நிலையங்களில் எலிவேட்டரும் எழுந்தது. அறுவடைக் காலத்தில் சுற்றுவட்டாரத்து விளைச்சல் அங்கே ஏறி, சரக்குப் பெட்டிகளில் இறங்கி, வெளியூர் சென்றது. 1899இல் மினியாபொலிஸ் அருகே தானிய வணிகர் பீவியும் கட்டுமானர் ஹாக்லினும் கான்கிரீட் உருளையாக ஒன்றைக் கட்டிப் பார்த்த பிறகு மரம் போய்க் கான்கிரீட் வந்தது, பெயர் மாறவில்லை.

ஆகவே இக்கட்டடங்களை ஊரின் நினைவுச்சின்னமாகக் காக்க விரும்புவோர் வெளிச்சுவரோடு நின்றுவிடக் கூடாது. உள்ளிருக்கும் வாளிப்பட்டையையும் அது ஓடிய உயரமான கூட்டையும் சேர்த்தே காக்க வேண்டும். அவை இருந்தால்தான் அந்தக் கட்டடம் ஏன் இந்தப் பெயரைப் பெற்றது என்பதையும், ஊர் எதனால் பிழைத்தது என்பதையும் அடுத்த தலைமுறைக்குக் காட்ட முடியும்.