கல்லூரி வன்முறைத் தடுப்பும் அச்சுறுத்தல் மதிப்பீடும்

கல்லூரி வன்முறைத் தடுப்பு என்பது மாணவர், ஆசிரியர், பணியாளர் மீதான தாக்குதலை அது நிகழ்வதற்கு முன்பே உணர்ந்து விலக்கும் பணி. அதன் உயிர்நாடி அச்சுறுத்தல் மதிப்பீடு. ஒருவரோ ஒரு குழுவோ யாரைக் குறிவைத்திருக்கிறது, எவ்வளவு தூரம் ஆயத்தமாகியிருக்கிறது, எது தூண்டிவிடும், எது தணிக்கும் என்பதைத் தகவல் திரட்டிக் கணிப்பதே அது. மிரட்டுபவர் எல்லோரும் தாக்குவதில்லை. தாக்கியவர்களில் பலர் முன்னதாக யாரையும் நேரில் மிரட்டியதும் இல்லை. அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியான அரசு அறிக்கை, அவை திடீர் ஆத்திரத்தில் நடந்தவை அல்ல, பெரும்பாலானவற்றில் திட்டம் வேறு யாருக்காவது தெரிந்தே இருந்தது என்று காட்டியது. தாக்குபவர் இப்படித்தான் இருப்பார் என்று அடையாளம் வகுக்க முடியாது என்பதும் அதன் முடிவு.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். அந்த மாணவரைப் பற்றிய கவலை ஆசிரியர்களுக்கும் வளாகக் காவலர்களுக்கும் ஆலோசனை மையத்துக்கும் தனித்தனியே இருந்தது. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தவர் எவருமில்லை என்று விசாரணைக் குழு கண்டது. அடுத்த ஆண்டே வர்ஜீனியா மாநிலம் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் மதிப்பீட்டுக் குழுக்களைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிரான சட்டம் ஒரு கொலைக்குப் பின் வந்தது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1997ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் ராகிங் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் வைத்தது. புகார் வந்தும் அசையாத கல்லூரித் தலைவரை உடந்தையாகக் கருதியது. முன்னாள் சிபிஐ இயக்குநர் ஆர். கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளை அடுத்து, 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாக் கல்லூரிகளிலும் ராகிங் தடுப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. உதவி எண் 1800-180-5522. பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு உண்டு. இவை ஒவ்வொன்றும் பெரும்பாலும் புகார் வந்த பிறகே விழிப்பவை. ஒரு குழுவின் காதுக்கு வந்தது அடுத்த அறைக்குப் போய்ச் சேர வழி கிடையாது. சட்டத்தில் இல்லாத பஞ்சம் இங்கேதான் இருக்கிறது.

சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12 அன்று நடந்தது இதற்குச் சான்று. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடுபட்டதையொட்டிச் சாதிப் பகை மூண்டது. அக்டோபர் 30 ஜெயந்திக்கும் மோதலுக்கும் நடுவே இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் வீணாயிற்று. மாணவர்கள் கட்டையும் கம்பியும் கத்தியுமாக மோதியதையும், வாயிலில் நின்ற காவலர்கள் கைகட்டிப் பார்த்திருந்ததையும் தொலைக்காட்சியில் நாடே கண்டது. நீதிபதி பி. சண்முகம் ஆணையம் விசாரித்தது. பின்னர் 2018இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் பிரித்து மாற்றப்பட்டது. இடமாற்றம் கூட்டத்தைக் கலைக்கும். பகையைத் தீர்க்க அது போதாது.

சென்னையில் பெரும்பாலான மாணவர் மோதல்கள் வளாகத்துக்குள் நடப்பவை அல்ல; பேருந்திலும் மின்சார ரயிலிலும் நடப்பவை. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு 'ரூட்டு தல', அவருக்குக் கீழே ஒரு படை, பேருந்தின் பக்கவாட்டைத் தட்டிப் பாடும் கானா, எதிர்க் கல்லூரியைச் சீண்டும் கோஷம் என்று இது தொடங்கும். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்களின் மோதல் பட்டாக்கத்தி வரை போனது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய மோதல்களை முதலில் மோப்பம் பிடிப்பவர் நடத்துநர்: வழக்கமான ஜன்னலோர இருக்கையை விட்டுப் படிக்கட்டுக்கு நகரும் கூட்டம், ஒரு நிறுத்தத்தில் ஏறாமல் காத்து நிற்கும் இன்னொரு கூட்டம். புறநகரில் பேருந்து ஏறி, பரங்கிமலையில் ரயில் மாறி நகரக் கல்லூரிக்குப் போகும் மாணவர், 2022இல் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகம், ரயில்வே காவல், சென்னைக் காவல் என்று மூன்று கைகளில் மாறுகிறார். கல்லூரி தன் பொறுப்பை வாயிற்கதவோடு முடித்துக்கொண்டால், நடத்துநர் அறிந்தது எவருக்கும் போய்ச் சேராது. ரூட்டு தலைகளிடம் காவல்துறை வாங்கும் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் பயன் தரும். பெற்றோரையும் துறைத் தலைவரையும் கூட உட்கார வைக்கும்போதே அது நிலைக்கும்.

பின்தொடர்தல் வேறு வகை. 2022 அக்டோபர் 13 அன்று அதே பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னை விடாது துரத்திய இளைஞனால் கல்லூரி மாணவி ஒருவர் ரயில் முன் தள்ளப்பட்டு இறந்தார். மதிப்பீட்டில் இத்தகைய துரத்தல் உயர் அபாயக் குறியாகவே கொள்ளப்படும். மறுத்த பின்னும் தொடர்வது, பயண நேரத்தை அறிந்து காத்திருப்பது, தற்கொலை மிரட்டல் ஆகியவை சேர்ந்து வந்தால் சமரசம் பேசி எழுதி வாங்கி அனுப்புவது ஆபத்து.

மதிப்பீட்டுக் குழுவில் முதல்வர், விடுதிக் காப்பாளர், மனநல ஆலோசகர், உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர், தொடர்புக் காவல் அதிகாரி ஆகியோர் இருப்பது முறை. தகவல் சொன்ன மாணவரைக் காப்பது அதன் முதல் கடமை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கு வராமல் நின்ற பட்டியலின மாணவர், காரணம் கேட்கப்பட்டபோது சக மாணவர்களின் தொல்லையைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினர். புகார் பெற்ற நேரம் முதல் சில நாட்களே மிக அபாயமானவை என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் தேவையில்லை. இந்நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

ஆபத்து குறைவென்று தெரிந்தால் ஆலோசனையும் கண்காணிப்பும் போதும். வெறும் இடைநீக்கம் பலநேரம் கெடுதலே செய்யும். வகுப்பும் நண்பரும் பறிபோனவரிடம் இழக்க ஒன்றுமில்லை, கண்காணிக்க ஆளுமில்லை. மனநலம் குன்றியவர் என்றால் வன்முறையாளர் என்று கொள்வதும் தவறு. டெலி மானஸ் 14416 போன்ற உதவி அவருக்கு உரியது.

பதிவுகளின் ரகசியம் இதில் முதன்மையானது. 2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான வழக்கில், அவரது விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.