வேலை செய்தும் விற்காத மருந்து

ஒரு புற்றுநோய் மருந்து சந்தையை விட்டுப் போனால், அது வேலை செய்யலைன்னுதான் நினைப்போம். பெக்சாரின் கதை வேறு.

1948இல் அமெரிக்காவில் பிரஸ்மன், கெய்லி என்ற இருவர், எலியின் சிறுநீரகத்துக்கு எதிரான ஆன்டிபாடியில் கதிரியக்க அயோடினை ஒட்டி எலிக்குச் செலுத்தினார்கள். அது சிறுநீரகத்தில் போய்த் தங்கியது. கதிரியக்கத்தை உடலில் வேண்டிய இடத்துக்கு அனுப்ப முடியும் என்று தெரிந்தது. ஆனால் அன்றைய ஆன்டிபாடிகள் விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த கலவை. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்க வழி கண்டார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கமின்ஸ்கி, வால் இருவரும் அதை லிம்ஃபோமாவுக்குப் பயன்படுத்தினார்கள். பி செல்களின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, அதோடு அயோடின்-131. அதன் பீட்டா கதிர் செல்லைக் கொல்லும், காமா கதிர் கேமராவில் தெரியும். முதலில் கொஞ்சம் செலுத்தி, ஒரு வாரத்தில் மூன்று முறை படமெடுத்து, அந்த நோயாளியின் உடல் அதை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று அளந்த பிறகே சிகிச்சைக்கான அளவை முடிவு செய்தார்கள். பொறியியல் படித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

2003இல் அனுமதி கிடைத்தது. 2005இல் வெளியான ஆய்வில், வேறு சிகிச்சை எதுவும் பெறாத 76 நோயாளிகளில் 95 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. 75 விழுக்காட்டினருக்கு நோயின் தடயமே தெரியவில்லை. 2014இல் விற்பனை இல்லாமல் பெக்சார் நிறுத்தப்பட்டது.

ஏன்? ரிட்டுக்ஸிமாப் என்ற கதிரியக்கமில்லாத ஆன்டிபாடி 1997லேயே வந்துவிட்டது. அதைப் புற்றுநோய் மருத்துவர் தன் கிளினிக்கிலேயே ஏற்றலாம், வருமானமும் அங்கேயே. பெக்சாருக்கோ உரிமம் பெற்ற அணுமருத்துவப் பிரிவுக்கு நோயாளியை அனுப்ப வேண்டும். எலும்பு மஜ்ஜை பாதிக்குமோ என்ற பயமும் இருந்தது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் பெக்சார் முந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த முடிவு பின்னாளில்தான் வந்தது. அதற்கு வெகு முன்பே மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள்.

2022இல் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு லுட்டீசியம்-177 சுமந்த ஒரு மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஆன்டிபாடிக்குப் பதில் சிறிய மூலக்கூறு, ஆனால் யோசனை அதேதான். இதையும் இரண்டு துறைகள் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் ஜெயித்த மருந்து நோயாளியிடம் போய்ச் சேர்வதற்கு, அந்த இரண்டு துறைகளுக்கு நடுவே இருக்கும் வழியையும் யாராவது வடிவமைத்தாக வேண்டும்.