கூண்டுக்குள் மறைந்திருந்த நோய்

வரலாறு கற்பிப்போர் மாணவருக்கு முதலிற் கூறும் பாடம் ஒன்றுண்டு. சாட்சியின் சொல்லை ஏற்குமுன் சாட்சியையே சோதித்தல் வேண்டும் என்பதே அது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் சுண்டெலியும் ஒரு சாட்சியே. ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா, ஓர் இரசாயனம் புற்றுநோயை விளைக்குமா என்னும் வினாக்களுக்கு விஞ்ஞானிகள் அச்சிற்றுயிரின் உடலிலே விடை தேடுகின்றனர். அச்சாட்சி தானே நோயுற்றிருப்பின் விடை என்னாகும்?

தொடக்கத்தில் நோயை அறிவித்தது மரணமே. ஜேர்மனியின் கிறைவ்ஸ்வால்ட் நகரிலிருந்த சுகாதார ஆய்வு நிலையத்தில் எலிகள் கொள்ளைநோய்க்கு இரையாகி மடிந்தன. பிறீட்றிக் லொவ்லர் என்னும் அறிஞர் இறந்த எலிகளிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்து வளர்த்தார். அதுவே அந்நோயின் காரணமெனக் கண்டு, 1892ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இன்று சல்மொனெல்லா எனப்படும் இனத்தைச் சேர்ந்தது அது.

1917ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஏணஸ்ற் ரைசர், சுழன்றாடும் ஜப்பானிய எலிகளிடையே பரவிய கொடிய நோயொன்றை விவரித்தார். நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது ஈரற் கலங்களுள் மெல்லிய கோல் போன்ற பற்றீரியாக்கள் புலப்பட்டன. ஆயினும், வழக்கமான வளர்ப்பூடகங்களில் அவை வளரவில்லை. ஆகவே, ஊடகத்தில் ஒன்றும் வளரவில்லை என்பதால் எலி நலமுடையது எனத் துணிதல் தவறென்பது தெளிவாயிற்று.

இவ்விரு நோய்களும் கொன்று தம்மைக் காட்டிக்கொண்டன. கொல்லாது மறைந்திருக்கும் நோயோ ஆராய்ச்சியையே ஏமாற்றவல்லது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து பிரெட்றிக் நகரில், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே வியப்பானதொன்று நிகழ்ந்தது. இரசாயனம் எதுவும் கொடுக்கப்படாது, ஒப்புநோக்குவதற்காக மட்டும் வைக்கப்பட்டிருந்த எலிகளின் ஈரலில் அழற்சியும் கட்டிகளும் காணப்பட்டன! ஜெரல்ட் வார்ட் குழுவினர் ஈரலின் மெல்லிய வெட்டுகளுக்கு வெள்ளிச் சாயமூட்டி நோக்கியபோது சுருள் வடிவப் பற்றீரியாக்கள் தென்பட்டன. 1994ஆம் ஆண்டில் அப்பற்றீரியா ‘ஹெலிக்கோபற்றர் ஹெப்பற்றிக்கஸ்’ எனப் பெயர் பெற்றது.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். ஒப்புநோக்கும் எலிகளிலும் கட்டி தோன்றுமாயின், உண்மையான நஞ்சு குற்றமற்றதெனத் தப்பிவிடலாம். தீங்கற்ற பொருளின் மீது வீண்பழி சுமத்தப்படவும் கூடும். இரண்டிலும் இறுதியில் இன்னலுறுவோர் மனிதரே.

ஆதலால் இக்காலத்தில் மரணத்துக்காக எவரும் காத்திருப்பதில்லை. நோயற்ற எலிகள் சிலவற்றைக் காவல் எலிகளாக நியமித்து, ஏனைய கூண்டுகளில் அழுக்குற்ற படுக்கைத் தூளை அவற்றின் கூண்டில் இடுவர். சில வாரங்களின் பின் அவற்றைச் சோதிப்பர். பற்றீரியாவின் மரபணுத் துணுக்குகளை எலிகளின் எச்சத்திலே தேடிப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையும் வழக்கில் உள்ளது. வளர்ப்பூடகத்தில் வளர மறுப்பவையும் இம்முறைக்குத் தப்புதல் அரிது.

பழைய ஏட்டைப் படிப்போனுக்கும் எலியின் ஈரலை ஆராய்வோனுக்கும் கடமை ஒன்றே. சான்று கூறுவதைக் கேட்குமுன், சான்று பழுதற்றதா என உசாவுதல் வேண்டும்.