நாற்பது பக்கத்தில் பிறந்த பாதுகாப்பு

1983 மே மாதம் நியூயார்க்கில் ஒரு கையேடு வெளிவந்தது. நாற்பதே பக்கம். கொள்ளைநோய்க் காலத்தில் உடலுறவு கொள்வது எப்படி என்பதுதான் தலைப்பே. எழுதிய ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ், மைக்கேல் காலன் இருவரும் எய்ட்ஸால் பாதிக்கப்பட்டவர்கள், ஆண்களை நேசித்த ஆண்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜோசப் சொன்னபெண்ட் துணைநின்றார்.

ஆட்களைக் குறைத்துக்கொள் என்பதே அன்று பரவலாகச் சொன்ன புத்திமதி. எத்தனை பேரோடு என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதே முக்கியம் என்றார்கள் இவர்கள். விந்து இன்னொருவர் உடலுக்குள் போகக்கூடாது. அதற்கு ஆணுறை உண்டு. அதைத் தாண்டி, தழுவலும் உடம்போடு உடம்பு உரசுவதும் கையால் இன்பம் கொடுப்பதும் உண்டு. ஊடுருவல் இல்லாத நெருக்கத்தை அரைகுறை உறவு என்று ஒதுக்காமல் முழு இன்பமாகவே மதித்தார்கள். அன்பைப் பற்றியும் ஒரு பகுதி எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எய்ட்ஸுக்கு எச்ஐவி கிருமிதான் காரணம் என்பது அப்போது உறுதியாகவில்லை. பல தொற்றுகள் சேர்ந்து உடலைச் சிதைக்கின்றன என்றே மூவரும் நம்பினார்கள். அந்த விளக்கம் தவறிப்போனது; சொன்ன வழி நிலைத்தது. காலன் 1993இல் இறந்தார்.

நம் மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986இல் தெரியவந்தது. மறு வருடமே கோலாலம்பூரில் பிங்க் டிரையாங்கிள் என்ற அமைப்பு தொடங்கி, தொலைபேசி வழியாக ஆலோசனை சொன்னது. முகம் காட்டத் தேவையில்லாத அந்த உதவி பெரிய உதவி. இங்கே ஆண்களுக்கிடையிலான உறவு இன்றும் குற்றம். ஊடுருவல் இல்லாத நெருக்கத்தைக்கூட தண்டனைச் சட்டத்தின் 377டி பிரிவு தண்டிக்க முடியும். பயந்தவன் கேள்வி கேட்கமாட்டான், கிருமிக்கு அது வசதி.

ஜெஞ்சாரோமில், பந்திங்கில், கிள்ளானில் இதைப் படிக்கும் தம்பிக்குச் சொல்கிறேன். கட்டியணைப்பதாலும் முத்தத்தாலும் காயமில்லாத தோல் உரசுவதாலும் எச்ஐவி தொற்றாது. ஆனால் மேகப்புண், அக்கி போன்றவை தோல் வழியே ஒட்டும். புண்ணோ கொப்புளமோ கண்டால் தள்ளியிரு, டாக்டரிடம் காட்டு. ஊடுருவல் உண்டென்றால் ஆணுறையும் வழவழப்புக்கு நீர்சார்ந்த ஜெல்லும் வேண்டும், எண்ணெய் ஆணுறையைக் கிழித்துவிடும். எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை 2023 முதல் சில அரசாங்க கிளினிக்குகளிலேயே கிடைக்கிறது. போய்க் கேள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.